மந்திரி பதவியைப் பறித்த முட்டை

முட்டை சின்னப் பொருள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த முட்டை, இங்கிலாந்தில் ஒரு பெண் மந்திரியின் பதவியைப் பறித்தது. லட்சக்கணக்கான கோழிகளைக் கொல்ல வைத்தது. நாடு முழுவதையும் கதிகலங்கச் செய்தது.

இது நடந்தது 1988ம் ஆண்டில். அந்தப் பழைய செய்தியை இப்போது ஏன் கிளற வேண்டும்? காரணம் இருக்கிறது.

2025ம் ஆண்டு ஏப்ரல் 8ந் தேதி தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்பு இலாகா ஓர் உத்தரவு பிறப்பித்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைசை யாரும் தயாரிக்கக் கூடாது, சேர்த்து வைக்கக் கூடாது, விற்கக் கூடாது. ஓராண்டுக்கு இந்தத் தடை என்று அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு முன்பே இரண்டு மாநிலங்கள் இதைச் செய்தன. கேரளம் 2023 ஜனவரியில் தடை போட்டது. தெலுங்கானா 2024 அக்டோபரில் தடை போட்டது. ஓட்டலிலும் தெருக்கடையிலும் சாப்பிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்த பிறகே இந்த உத்தரவுகள் வந்தன.

கடைக்காரரின் கிண்ணத்துக்குத் தடை வந்தது. சரி. ஆனால் கிருமி அந்தக் கிண்ணத்தில் பிறந்ததா? அது எங்கே பிறக்கிறது? அதை அங்கேயே ஒழிக்க முடியுமா?

முடியும் என்று இங்கிலாந்து காட்டியிருக்கிறது. ஆனால் அதற்கு அந்த நாட்டுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

மயோனைஸ் என்பது என்ன?

பெயர்தான் புதிது. பண்டம் எளியது. பச்சை முட்டையை எண்ணெயோடு சேர்த்து அடிப்பார்கள். கொஞ்சம் காடி அல்லது எலுமிச்சைச் சாறு விடுவார்கள். வெண்ணெய் போல் வெள்ளையாகத் திரண்டு வரும். ஷவர்மாவிலும், சுட்ட கோழியோடும் இதைத் தொட்டுக்கொள்ளத் தருகிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எந்த இடத்திலும் அடுப்பு வரவில்லை. முட்டை பச்சையாக உள்ளே போகிறது. பச்சையாகவே வாய்க்குள் வருகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டில் ஒருவர் ஒரு முட்டை சாப்பிடுகிறார். அது கெட்ட முட்டையாக இருந்தால் கெடுதல் அவர் ஒருவருக்குத்தான். கடையில் அப்படி அல்ல. ஐம்பது முட்டையை ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றுகிறார்கள். அதில் 49 நல்ல முட்டை, ஒன்று கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று போதும். பாத்திரம் முழுவதும் கெட்டுவிடும். அதைத் தொட்டுத் தின்ற அத்தனை பேருக்கும் ஆபத்து.

பாத்திரம் வெயில் நாளில் வெளியே இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்தக் கிருமிக்கு வெப்பமும் உணவும் கிடைத்தால், சுமார் அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு மடங்காகப் பெருகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிருமி, 10 மணி நேரத்தில் 10 லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். காலையில் கலக்கிய மயோனைஸ் மாலையில் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

எதிரியின் பெயர் சால்மோனெல்லா

இந்தக் கிருமியின் பெயர் சால்மோனெல்லா. அமெரிக்காவில் டேனியல் சால்மன் என்ற கால்நடை டாக்டர் இருந்தார். 1885ல் அவருடைய ஆராய்ச்சிச் சாலையில் இந்த இனக் கிருமி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அவர் பெயரையே அந்த இனத்துக்கு வைத்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாது. வாசனை கிடையாது. ருசி மாறாது. முட்டையை உடைத்துப் பார்த்தாலும் நல்ல முட்டை போலவே இருக்கும். தண்ணீரில் போட்டுப் பார்க்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. மிதந்தால் பழைய முட்டை என்று தெரியும். ஆனால் மூழ்கிய முட்டையில் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது.

கிருமி வயிற்றுக்குள் போனால் 6 மணி நேரம் முதல் மூன்று நாளுக்குள் வேலையைக் காட்டும். வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, காய்ச்சல், வாந்தி. திடமான ஆளுக்கு நாலு நாள் முதல் ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும்.

கைக்குழந்தை, கர்ப்பிணிப் பெண், முதியவர், ஏற்கெனவே நோயில் மெலிந்தவர் - இவர்களுக்கு அப்படி அல்ல. உடம்பில் உள்ள தண்ணீர் வற்றிவிடும். கிருமி சில சமயம் ரத்தத்திலும் கலந்துவிடும். உயிருக்கே ஆபத்து வரலாம்.

பூட்டிய பெட்டிக்குள் திருடன்!

முட்டைக்கு ஓடு இருக்கிறது. உள்ளே சவ்வு இருக்கிறது. பூட்டிய பெட்டி மாதிரி. அதற்குள் கிருமி எப்படிப் போகிறது?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, வெளியிலிருந்து. கோழியின் எச்சம் ஓட்டில் ஒட்டுகிறது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள் இருக்கின்றன. குஞ்சு மூச்சு விடுவதற்கு இயற்கை வைத்த துளைகள் அவை. கிருமி அந்தத் துளை வழியே உள்ளே நுழையலாம். ஓட்டில் விரிசல் இருந்தால் இன்னும் சுலபம்.

இரண்டாவது வழிதான் பயங்கரமானது. கோழியின் வயிற்றுக்குள் முதலில் மஞ்சள் கரு உண்டாகிறது. அதைச் சுற்றி வெள்ளைக் கரு சேருகிறது. கடைசியில்தான் ஓடு மூடுகிறது. வெள்ளைக் கரு சேர்ந்து ஓடு மூடி முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சால்மோனெல்லாவில் 'என்டரிடிடிஸ்' என்று ஒரு வகை உண்டு. அது கோழியின் சினைப்பையிலேயே குடியேறிவிடும். ஓடு மூடுவதற்கு முன்பே திருடன் உள்ளே உட்கார்ந்துவிடுகிறான். பிறகு பெட்டியைப் பூட்டி என்ன பயன்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தக் கிருமியைச் சுமக்கும் முட்டைக் கோழிக்கு ஒன்றும் ஆவதில்லை. தீனி தின்கிறது. கொக்கரிக்கிறது. தவறாமல் முட்டை இடுகிறது. பண்ணைக்காரர் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது. முட்டையின் வெளிப்புறமும் பளபளவென்று சுத்தமாகவே இருக்கும்.

வெள்ளைக் கரு லேசுப்பட்டது அல்ல. கிருமியை அடக்கும் சக்தி அதற்கு இருக்கிறது. புது முட்டையில் கிருமி இருந்தாலும் கொஞ்சமாகவே இருக்கும். ஆனால் முட்டை பழசாகும்போது மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள சவ்வு தளர்கிறது. வெப்பம் அதிகமானால் சீக்கிரமே தளர்கிறது. அப்போது கிருமிக்கு மஞ்சள் கருவின் சத்து கிடைக்கிறது. பிறகு மளமளவென்று பெருகுகிறது. குளிர்ந்த இடத்தில் வைத்து, புதிதாக இருக்கும்போதே சமைத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்தில் வெடித்த குண்டு

1980க்குப் பிறகு இங்கிலாந்தில் இந்த நோய் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. டாக்டர்கள் துப்புத் துலக்கினார்கள். துப்பு முட்டையிடம் கொண்டுபோய் விட்டது. 1988ல் லண்டன் பிரபுக்கள் சபையிலேயே பலர் நோயுற்றார்கள். விசாரித்தபோது குற்றவாளி யார் தெரியுமா? பச்சை முட்டையில் செய்த மயோனைஸ்!

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதமே, பச்சை முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று அரசாங்கத்தின் தலைமை டாக்டர் எச்சரித்தார். ஜனங்கள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அப்போது பிரதம மந்திரியாக இருந்தவர் திருமதி தாட்சர். சுகாதார இலாகா துணை மந்திரியாக இருந்தவர் எட்வினா கறி. வயது 42. மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிறவர்.

டிசம்பர் 3ந் தேதி டெலிவிஷன் நிருபர்களிடம் அவர் பேசினார். நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டுவிட்டது என்று சொன்னார்.

அவ்வளவுதான். குண்டு வெடித்தது போல் ஆயிற்று. கடைகளில் முட்டை தேங்கியது. வாங்க ஆள் இல்லை. பண்ணைக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். "எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்" என்று கூச்சல் போட்டார்கள். பார்லிமெண்டில் அவருடைய கட்சிக்காரர்களே அவர்மீது பாய்ந்தார்கள்.

13 நாள் கழிந்தது. டிசம்பர் 16ந் தேதி எட்வினா கறி ராஜினாமா செய்தார்.

விற்காத முட்டைகளை வாங்கி அழிப்பதற்கும், கோழிகளைக் கொல்வதற்கும் அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. லட்சக்கணக்கான கோழிகள் கொல்லப்பட்டன.

அவர் சொன்னது சரியா, தப்பா?

இரண்டும் உண்டு.

'பெரும்பகுதி' என்று சொன்னது அளவுக்கு மீறிய பேச்சு. கேட்டவர்கள், கடையில் உள்ள முட்டைகளில் பாதிக்கு மேல் விஷம் என்று புரிந்துகொண்டார்கள். அப்படி அல்ல. பிற்பாடு 1995-96ல் அரசாங்கமே கடைகளில் முட்டை வாங்கிச் சோதனை செய்தது. ஆறு முட்டை கொண்ட பெட்டிகளில், 100 பெட்டிக்கு ஒரு பெட்டியில் கிருமி இருந்தது.

ஆனால் ஆபத்து உண்மை. கோழிகளிடம் நோய் பரவியிருந்தது உண்மை. 100 பெட்டிக்கு ஒன்று என்பது குறைவாகத் தோன்றலாம். ஒரு நாடு தினந்தோறும் கோடிக்கணக்கில் முட்டை தின்னும்போது அந்த ஒன்று எத்தனை ஆயிரம் ஆகும்?

ஆகவே அவர் உண்மையைத்தான் சொன்னார். சரியான அளவில் சொல்லவில்லை. அதற்காகப் பதவியை இழந்தார். அவர் போனதோடு கிருமி போய்விடவில்லை.

கொன்றும் தீரவில்லை!

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1989 முதல் கோழிகளைச் சோதனை செய்தது. நோய் கண்ட பண்ணைகளில் கோழிகளைக் கொன்று குவித்தது. முட்டைக் கோழிகளைக் கொல்லும் திட்டம் 1993 வரை நடந்தது. பிறகு கைவிடப்பட்டது.

தாய்மார்களுக்குப் புத்திமதியும் சொன்னார்கள். முட்டையை நன்றாக வேக வையுங்கள், பச்சையாகச் சாப்பிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பலன்? 1997ல் இங்கிலாந்திலும் வேல்ஸ் பகுதியிலும் கோழி முட்டையோடு சம்பந்தப்பட்ட முக்கியமான வகைக் கிருமியால் மட்டும் 14,771 பேர் நோயுற்றதாகப் பதிவு ஆயிற்று. மந்திரி பதவி இழந்து 9 ஆண்டுகள் ஆன பிறகும் இந்த நிலை!

மந்திரியைத் துரத்தியாயிற்று. கோழியைக் கொன்றாயிற்று. குடும்பப் பெண்களுக்குப் புத்தி சொல்லியாயிற்று. நோய் மட்டும் போகவில்லை.

கோழிக்குத் தடுப்பு மருந்து

பிறகுதான் சரியான வழி பிறந்தது. கிருமி கோழியின் சினைப்பையில் குடியேறுகிறது. அப்படியானால் கோழிக்கே தடுப்பு மருந்து கொடுத்தால் என்ன?

1998ல் இங்கிலாந்தின் முட்டை வியாபாரிகள் சங்கம் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டு வந்தது. திட்டத்தில் சேரும் பண்ணை, கோழிகளுக்குக் கட்டாயமாகத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். பண்ணையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். எலியை ஒழிக்க வேண்டும். கோழிகளை அடிக்கடி சோதிக்க வேண்டும். முட்டையைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். எந்த முட்டை எந்தப் பண்ணையில் இட்டது என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தால் முட்டை ஓட்டின்மேல் சிவப்புச் சிங்க முத்திரை குத்தலாம். எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் ஓட்டிலேயே அச்சடிக்க வேண்டும்.

இது சர்க்கார் சட்டம் அல்ல. பண்ணைக்காரர்கள் தாங்களாகவே சேர்ந்தார்கள். ஏன்? பெரிய கடைக்காரர்கள், தடுப்பு மருந்து கொடுத்த கோழியின் முட்டைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். அந்த முட்டை இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை!

பலனைப் பாருங்கள். 2003ல் மறுபடியும் கடை முட்டைகளைச் சோதித்தார்கள். முன்பு 100 பெட்டிக்கு ஒன்றாக இருந்தது, 290 பெட்டிக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது. 1997ல் 14,771 பேரைத் தாக்கிய அந்த வகைக் கிருமி, 2009ல் 581 பேரைத்தான் தாக்கியது. 100 பங்கில் 96 பங்கு ஒழிந்தது!

நடுவில் ஒரு சோதனையும் வந்தது. 2002 முதல் 2004 வரை இங்கிலாந்தில் மறுபடியும் பலர் நோயுற்றார்கள். விசாரித்ததில், ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த முட்டைகள் காரணம் என்று தெரிந்தது. தன் வீட்டுக் கோழி சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. வாங்கும் முட்டையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அது கற்றுக் கொடுத்தது.

2017 அக்டோபரில் இங்கிலாந்து அரசாங்கம் தன் பழைய எச்சரிக்கையைத் திருத்தியது. சிங்க முத்திரை உள்ள முட்டையைக் குழந்தைகளும், கர்ப்பிணிகளும், முதியவர்களும் அரை வேக்காடாகவே சாப்பிடலாம் என்று அறிவித்தது. எட்வினா கறி எச்சரித்து 29 ஆண்டுகள் கழித்து அந்த நாட்டுக்கு இந்தத் துணிச்சல் வந்தது.

இந்தச் சலுகை அந்த முத்திரை உள்ள முட்டைக்குத்தான். மற்ற நாட்டு முட்டைகளுக்கு இது பொருந்தாது.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்கா இங்கிலாந்தின் வழியில் போகவில்லை. கோழிக்குத் தடுப்பு மருந்தை அங்கே கட்டாயம் ஆக்கவில்லை. முட்டையைக் கழுவி, குளிர்பெட்டியில் வைப்பது அங்கே வழக்கம்.

2010ல் அயோவா மாநிலத்தில் இரண்டு பெரிய பண்ணைகளின் முட்டையில் சால்மோனெல்லா இருப்பது தெரிந்தது. 50 கோடிக்கு மேற்பட்ட முட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள். நோயுற்றதாகக் கணக்கில் வந்தவர்கள் 1,939 பேர். அதிகாரிகள் பண்ணைக்குள் போய்ப் பார்த்தார்கள். எரு மலை போல் குவிந்து கிடந்தது. எலிகள் ஓடின.

வழக்கு நடந்தது. 2015ல் ஒரு பண்ணையின் முதலாளிக்கும் அவருடைய மகனுக்கும் தலா 3 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுடைய கம்பெனிக்கு 67 லட்சம் டாலருக்கு மேல் அபராதம்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஓட்டைக் கழுவினால் ஓட்டின்மேல் உள்ள அழுக்குதான் போகும். உள்ளே உட்கார்ந்த திருடன் போகமாட்டான். 

தமிழ்நாட்டுக்கு என்ன பாடம்?

தமிழ்நாட்டில் முட்டை என்றால் நாமக்கல். அங்கே தினந்தோறும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தி ஆகிறது. வெளிநாட்டுக்கும் போகிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவிலும் முட்டை இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு மலிவாக, இவ்வளவு சத்தாக வேறு உணவு கிடைப்பது அரிது.

ஆகவே முட்டையைக் கண்டு பயப்படக் கூடாது. பயந்தால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். சத்துணவில் கொடுப்பது அவித்த முட்டை. வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவும் கெட்டியாகும்வரை அவித்த முட்டையில் இந்தக் கிருமி பிழைத்திருக்காது.

ஆபத்து எங்கே என்றால், வேகாத முட்டையில். மயோனைஸ் மட்டும்தானா வேகாத முட்டை? 'ஆஃப் பாயில்' இருக்கிறது. 'கலக்கி' இருக்கிறது. பாலில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் குடிக்கும் பயில்வான்கள் இருக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் கொடுத்து, நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு.

கொடுக்கிறவர்கள் அன்போடுதான் கொடுக்கிறார்கள். பெண்ணின் உடம்பு தேற வேண்டும் என்ற ஆசை. ஆனால் பச்சை முட்டையில் சத்து அதிகம் என்பது தவறான எண்ணம். பெல்ஜியம் நாட்டில் சிலரைக் கொண்டு சோதனை செய்து 1998ல் முடிவை வெளியிட்டார்கள். வேக வைத்த முட்டையின் புரதத்தில் 100க்கு 91 பங்கு சீரணம் ஆயிற்று. பச்சை முட்டையில் 51 பங்குதான்! அந்தப் பெண்ணுக்கு முட்டையை அவித்துக் கொடுத்தால் சத்தும் கூடும், ஆபத்தும் போகும். வழக்கமும் கெடாது.

நாட்டுக்கோழி முட்டையில் கிருமி வராது என்பதும் சரி அல்ல. குப்பையைக் கிளறும் கோழிக்கும் இந்தக் கிருமி ஒட்டும்.

யார் செலவு செய்வது?

ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுப்பது பண்ணைக்காரர்களுக்குப் பழக்கமான வேலை. கொடுக்காவிட்டால் கோழி செத்துவிடும். நஷ்டம் தனக்கு என்பது பண்ணைக்காரருக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே கொடுக்கிறார்.

சால்மோனெல்லா அப்படி அல்ல. கோழி சாகாது. முட்டை குறையாது. நஷ்டம் யாருக்கு? முட்டை தின்கிறவருக்கு. ஒருவர் செலவு செய்ய வேண்டும். பலன் இன்னொருவருக்குப் போகும். அப்படிப்பட்ட வேலை தானாக நடப்பது கடினம்.

இந்த முடிச்சைத்தான் இங்கிலாந்து அவிழ்த்தது. சுத்தமான முட்டைக்கு ஓர் அடையாளம் வைத்தது. அடையாளம் உள்ள முட்டையைத்தான் கடைக்காரர் கேட்டார். பண்ணைக்காரருக்குச் செய்த செலவுக்குப் பலன் கிடைத்தது.

தமிழ்நாட்டில் தெருக்கடையில் முட்டை வாங்குகிறவர் என்ன கேட்க முடிகிறது? ஓட்டில் பெரும்பாலும் தேதி இருப்பதில்லை. எந்தப் பண்ணை என்று தெரிவதில்லை. முட்டை அட்டை வெயிலில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதும் தெரியாது.

மயோனைஸ் தடை நல்ல காரியமே. தீ பிடித்த வீட்டில் முதலில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். ஆனால் கடைக்காரர் கிண்ணத்தோடு நின்றுவிடக் கூடாது. கோழிக்குத் தடுப்பு மருந்து, பண்ணையில் சோதனை, ஓட்டில் தேதி, வழியில் குளிர்ச்சி - இந்த நான்கும் வந்தால்தான் ஆபத்து அடியோடு குறையும். கடைக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. உடைத்த முட்டையை, உறையாத அளவுக்குப் பக்குவமாகச் சூடு காட்டிக் கிருமியைக் கொல்லும் முறை உண்டு. அந்த முட்டையில் மயோனைஸ் செய்யலாம். முட்டையே இல்லாமலும் செய்யலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

அதுவரையில் காவல் அடுப்பங்கரையில்தான். தாய்மார்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்:

விரிசல் விட்ட முட்டையை வாங்க வேண்டாம். வீட்டில் விரிசல் கண்டால் எறிந்துவிடுங்கள்.

வாங்கியதும் முட்டையைக் கழுவி அடுக்கி வைக்க வேண்டாம். ஓட்டின்மேல் இயற்கையான ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும். ஈரம் கிருமியைத் துளை வழியே உள்ளே இழுக்கும். அழுக்காக இருந்தால் சமைப்பதற்குச் சற்று முன்பு கழுவுங்கள்.

குளிர்பெட்டி இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் நிழலான, குளிர்ந்த இடத்தில் வைத்து, சில நாளில் தீர்த்துவிடுங்கள். மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம்.

முட்டையை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதே கையால் குழந்தைக்குச் சோறு ஊட்டக் கூடாது. பச்சை முட்டை பட்ட பாத்திரத்தில் வெந்த பண்டத்தை வைக்கக் கூடாது.

மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் கெட்டியாகும்வரை வேக வையுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு 10 நிமிஷம் அவித்தால் போதும். ஆம்லெட் ஆனாலும் பொடிமாஸ் ஆனாலும் ஈரம் தெரியக் கூடாது.

சமைத்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோயாளி - இந்த நால்வருக்கும் ஆஃப் பாயிலும் கலக்கியும் வேண்டாம்.

வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் அல்லது உப்புப் போட்ட கஞ்சி கொடுத்துக்கொண்டே இருங்கள். குழந்தைக்கு வந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், காய்ச்சல் தணியாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மருந்துக் கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது.

இங்கிலாந்தில் உண்மையைச் சொன்ன மந்திரி 13 நாளில் வீட்டுக்குப் போனார். நோயைக் குறைக்கும் வழியைக் கையில் எடுக்க அந்த நாட்டுக்கு அதற்குப் பிறகு 10 ஆண்டுகள் ஆயின. இடையில் ஆயிரம் ஆயிரம் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் விழுந்தார்கள். அந்தப் 10 ஆண்டுப் பாடத்தைத் தமிழ்நாடு இலவசமாகப் படித்துக்கொள்ளலாம். வேலையைக் கோழிப் பண்ணையிலிருந்து தொடங்க வேண்டும்.